ஹட்டன் மருத்துவ நிலையமொன்றில் செயல்திறன் அளவீட்டுச் சேவை: பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

தனியார் மருத்துவ நிலையங்களின் வரவு, செலவு, காத்திருப்பு நேரம், மருந்துக் கையிருப்பு ஆகியவற்றை மாதந்தோறும் அளந்து, அவற்றைச் சீர்படுத்த ஆலோசனை கூறும் சேவை ஒன்றை, இலங்கையின் மலையகத்திலுள்ள ஹட்டன் நகரில் நான் நிர்வாகப் பொறுப்பிலுள்ள மருத்துவ நிலையத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். ஆனால் இத்தகைய சேவை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை ஏற்கக் கூடாது என்பவற்றை நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுத விரும்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கணக்கைப் பிரித்துக் காட்டுவதில் இந்தச் சேவை மிகச் சிறந்தது, மலையகத்து நோயாளரின் வாழ்க்கையைக் கணக்கில் கொள்வதில் அது பின்தங்கியே இருந்தது, அதை நாங்கள்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் நிலையத்தில் முழுநேரக் குடும்ப வைத்தியர் ஒருவர் இருக்கிறார். கிழமையில் சில மாலைகளில் விசேட வைத்தியர்கள் வந்து செல்கிறார்கள். மருந்து வழங்கும் பகுதியும் இரத்த மாதிரி சேகரிக்கும் சிறிய அறையும் உண்டு. வருபவர்களில் பெரும்பாலானோர் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை எங்களுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவர் காசு கொடுத்து எங்களிடம் வருகிறார் என்றால், பெரும்பாலும் அவர் வாங்க வருவது நேரத்தைத்தான். ஒரு நாள் பேர் விழாமல், அதாவது அன்றைய வேலை பதிவாகாமல், போய்விடக் கூடாது என்பதற்காகவும், வேலை முடிந்த பின்னர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகவுமே அவர் வருகிறார். இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாத எந்த அளவீடும் எங்கள் பகுதியில் பிழையான விடையையே தரும்.

சேவையின் நடைமுறை எளிமையானது. முதலில் கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குரிய பற்றுச்சீட்டுகள், மருந்துக் கொள்வனவுப் பட்டியல்கள், சம்பளப் பதிவு, வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றையும் கேட்டார்கள். எங்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் கொப்பிகளில்தான் இருந்தன. அவர்களுடைய அலுவலர் ஒருவர் நேரில் வந்து, பொறுமையாக இருந்து, அவற்றைக் கணினிக்கு மாற்றினார். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கையும், ஊழியர்களுடன் ஒரு கலந்துரையாடலும் கிடைக்கின்றன. அந்த முதற்கட்ட வேலைக்கு மட்டுமே அவர்களுக்குக் கொடுத்த பணம் தகும் என்று இன்றும் நினைக்கிறேன், ஏனெனில் எங்களைப் போன்ற நிலையங்களின் உண்மையான நோய் அங்கேதான் வெளிப்பட்டது.

அந்த நோய், வைத்தியர் கட்டணமும் மருந்துக் காசும் ஒரே தொகையாகக் கலந்திருப்பதாகும். மலையக நகரங்களில் குடும்ப வைத்தியரிடம் போகும் ஒருவர், பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். நோயாளருக்கு அது வசதியானது; நிர்வாகத்துக்கோ அது ஒரு திரை. மாலையில் காசுப் பெட்டியை எண்ணும்போது தொகை பெரிதாகத் தெரிந்தால் நாள் நன்றாகப் போயிற்று என்று எண்ணிக்கொள்வோம், ஆனால் அதில் எவ்வளவு மறுநாள் மருந்து முகவருக்குப் போகவேண்டிய பணம் என்பது யாருக்கும் தெரியாது. சேவையினர் செய்த முதல் மாற்றம், ஒவ்வொரு நோயாளரின் துண்டிலும் வைத்தியர் கட்டணம், மருந்தின் கொள்விலை, சிறு சிகிச்சைகள் (காயத்துக்கு மருந்து கட்டுதல், நெபியுலைசர் போன்றவை) என்று மூன்று நிரல்களை ஏற்படுத்தியதுதான். நோயாளர் கொடுக்கும் தொகையும் கொடுக்கும் முறையும் மாறவில்லை. உள்ளே பதிவு மட்டும் பிரிந்தது.

இதன் பயனை விளங்கிக்கொள்ள, எங்கள் கணக்கிலிருந்து எடுக்காத, விளக்கத்துக்காக மட்டும் அமைத்த எண்களைத் தருகிறேன். ஒரு வருகைக்கு 1,500 ரூபாய் பெறுகிறோம், அதில் மருந்தின் கொள்விலை 600 ரூபாய் என்று கொள்வோம். மீதி 900 ரூபாய். வாடகை, சம்பளம், மின்சாரம் உட்பட மாதத்தின் நிலையான செலவு 450,000 ரூபாய் என்றால், நட்டமில்லாமல் நிற்பதற்கு மாதத்தில் 500 வருகைகள் தேவை. 25 வேலை நாட்கள் என்றால் நாளொன்றுக்கு 20 பேர். இப்போது கட்டணத்தை மாற்றாமல் மருந்தின் கொள்விலை மட்டும் 750 ரூபாயாக உயர்ந்தால், மீதி 750 ரூபாயாகக் குறைந்து, தேவைப்படும் வருகைகள் 600 ஆகின்றன. நாளொன்றுக்கு 24 பேர். நான்கு பேர்தானே அதிகம் என்று தோன்றலாம். ஆனால் அந்த நான்கு பேருக்கும் வைத்தியர் தம் நேரத்தை ஏனைய இருபது பேரிடமிருந்துதான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி சரிந்து, இறக்குமதி மருந்துகளின் விலை ஏறியபோது, நாட்டின் சிறிய மருத்துவ நிலையங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். வரவு கூடியது போலவே தெரிந்தது; மீதி குறைந்துகொண்டே போனது. ஏன் கையில் காசு நிற்பதில்லை என்று நாங்கள் மின்கட்டணத்தையும் ஊழியர் செலவையும் குறைசொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிரித்து எழுதியிருந்தால் முதல் இரண்டு மாதங்களிலேயே காரணம் தெரிந்திருக்கும். சேவையினர் பழைய கொப்பிகளை வைத்து அந்தக் காலத்தை மீள அமைத்துக் காட்டியபோது எங்கள் வைத்தியர் நீண்ட நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கட்டணம் பற்றிய எந்தத் தீர்மானமும் ஊகத்தின் பேரில் எடுக்கப்படுவதில்லை.

காத்திருப்பு நேரத்தை அளந்த முறையும் பாராட்டுக்குரியது. இலக்க அட்டையில் நோயாளர் வந்த நேரம், உள்ளே போன நேரம், மருந்து பெற்று வெளியேறிய நேரம் ஆகிய மூன்றையும் ஊழியர் குறிக்கிறார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு பேனையும் போதும். முதல் அறிக்கையிலேயே அவர்கள் சராசரியை மட்டும் காட்டாமல், மிக அதிக நேரம் காத்திருந்த பத்தில் ஒரு பங்கினரைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். சராசரி தாங்கக்கூடியதாக இருந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கினரின் நிலைமை தாங்கக்கூடியதாக இல்லை, அவர்களில் கூடுதலானோர் தொலைதூரத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். முச்சக்கரவண்டியில் வந்தவர்களும் நகரத்தவர்களும் நேரத்தோடு ஆள் அனுப்பி இலக்கம் எடுத்துவிடுகிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

காத்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை அவர்கள் ஊழியர்களுக்கு விளக்கிய விதமும் நன்றாக இருந்தது. மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக ஒன்றரை மணிநேரம் தங்கினால், எந்த வேளையிலும் உள்ளே சராசரியாக 18 பேர் இருப்பார்கள். கதிரைகளைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது; ஒன்று தங்கும் நேரம் குறைய வேண்டும், அல்லது வருகை பரவலாக வேண்டும். மருந்து வழங்கும் இடத்தில்தான் நேரம் தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அடிக்கடி கொடுக்கும் மாத்திரைகளை முன்னதாகவே எண்ணிப் பொதியிட்டு வைக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினோம். பொதியின் மேல் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி ஆகியவற்றை எழுதுவது கட்டாயம்.

ஆனால் வருகையைப் பரவலாக்க அவர்கள் முன்வைத்த திட்டம் எங்களுக்குப் பொருந்தவில்லை. கால் மணிநேரத்துக்கு ஒருவர் என்று நேரம் ஒதுக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். பொகவந்தலாவையிலிருந்து வருபவர் பஸ் வரும் நேரத்துக்குத்தான் வர முடியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வீதியில் மண்சரிந்தால் அதுவும் இல்லை. கால் மணிநேரம் தாமதமானவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பும் விதியை நாங்கள் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக இலக்கங்களைக் கூட்டமாகப் பிரித்தோம்: முதல் பத்து இலக்கக்காரர் எட்டு மணிக்குப் பிறகு வந்தால் போதும், அடுத்த பத்துப் பேர் ஒன்பது மணிக்குப் பிறகு, என்றவாறு. மாலையில், பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வருபவர்களுக்காக ஒரு தொகுதி இலக்கங்களை எவருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கிறோம். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொழிலில், பகல் வேளையில் வரச்சொல்லி ஒருவரின் வேலை நாளைப் பறிப்பது அவரிடம் இன்னொரு கட்டணம் அறவிடுவதற்குச் சமம். அந்தக் கட்டணம் எங்கள் காசுப் பெட்டிக்கு வராததால் அது எந்த அறிக்கையிலும் தெரியாது. இதைச் சேவையினரிடம் சொன்னபோது மறுக்காமல் கேட்டு, அடுத்த மாதத்திலிருந்து மாலை நேர வருகையைத் தனி நிரலாகச் சேர்த்தார்கள்.

நாட்காட்டி விடயத்தில் அவர்களுடைய முதல் அறிக்கைகள் பிழையாக இருந்தன. ஒரு கிழமையை முந்திய கிழமையுடன் ஒப்பிட்டு, மாதக் கடைசியில் வருகை குறைவதைக் கண்டு, நோயாளர் எங்களை விட்டு விலகுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். தோட்டங்களில் மாதச் சம்பளம் பத்தாம் திகதியளவில் போடப்படுகிறது என்பதும், அதற்குப் பிறகு வரும் நாட்களில் கூட்டம் கூடி, அடுத்த சம்பளத்துக்கு முன்னர் குறையும் என்பதும் இங்கு சிறு பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த விடயம். டிசெம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாதமளவில் வரும் வெசாக் போயா வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் ஊடாக மஸ்கெலியா, நல்லதண்ணி நோக்கிச் செல்லும் யாத்திரிகர்களால் ஏற்படும் வருகையையும் அவர்கள் எங்கள் நிரந்தர வளர்ச்சியாகக் கணக்கிட்டிருந்தார்கள். சம்பளத்துக்குப் பின்னான கிழமையை முந்திய மாதத்தின் அதே கிழமையுடனும், பருவ மாதத்தை முந்திய வருடத்தின் அதே மாதத்துடனும் ஒப்பிட வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகே அறிக்கை நம்பத்தக்கதாக மாறியது. மலையகத்தில் இத்தகைய சேவையைப் பெறும் எவரும் முதல் நாளிலேயே இந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

திரும்பி வராத நோயாளரைப் பற்றிய அளவீடு இன்னும் ஆழமாகச் சிந்திக்கவேண்டிய ஒன்று. மூன்று மாதங்களுக்குள் திரும்பி வராத நீரிழிவு, பிரஷர் நோயாளர் அனைவரையும் அறிக்கை ஒரே வரியில் இழப்பு என்று காட்டியது. எங்கள் தாதி அவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தபோது, பலர் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதாந்தம் இலவசமாக மருந்து எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அது இழப்பல்ல, அவர்கள் நல்ல இடத்தில்தான் இருக்கிறார்கள், காய்ச்சல் அல்லது குளவிக் கொட்டு என்று அவசரம் வரும்போது எங்களிடமும் வருவார்கள். உண்மையில் எங்களைக் கவலைப்பட வைத்தவர்கள், இங்கும் வராமல் அங்கும் போகாமல் மருந்தையே நிறுத்திவிட்டவர்கள். ஆகவே திரும்பி வந்தவர், அரச கிளினிக்குக்குப் போகிறவர், எங்கும் போகாதவர் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டோம். மூன்றாவது பட்டியலில் உள்ளவர்களைத் தாதி மீண்டும் மீண்டும் அழைக்கிறார், சிலரை நாங்களே கடிதம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புகிறோம். அதனால் எங்களுக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. ஆயினும் ஒரு மருத்துவ நிலையம் நன்றாக நடக்கிறதா என்பதை அளக்கும் எண்களில் இதுவே முதலாவது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் அறிக்கையின் முதற்பக்கத்தில் இப்போது இந்த எண்தான் அச்சாகிறது.

நோயாளருக்குக் கொடுக்கும் கடன் பற்றியும் சொல்ல வேண்டும். நிலுவையை அளக்க அவர்கள் பயன்படுத்தும் முறை பயனுள்ளது: மொத்த நிலுவையை ஒரு நாளின் சராசரி வருமானத்தால் வகுக்க வேண்டும். நிலுவை 180,000 ரூபாய், நாள் வருமானம் 12,000 ரூபாய் என்றால், 15 நாட்களின் உழைப்பு வெளியே நிற்கிறது. இந்த எண் மாதந்தோறும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்தால் கடன் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டத் தேவையில்லை. ஆனால் கடனை முழுமையாக நிறுத்திவிடுங்கள் என்ற ஆலோசனையை நாங்கள் நிராகரித்தோம். சம்பளத்துக்கு முந்திய கிழமையில் காய்ச்சலோடு வரும் குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த சம்பளம் வரை மட்டும், ஒரு குடும்பத்துக்கு ஒரு வரையறுக்கப்பட்ட தொகை வரை என்று ஒழுங்குபடுத்தினோம். நிலுவை நாட்கள் குறைந்தன, கடன் வாங்கியவர்களும் தொடர்ந்து வருகிறார்கள். நாங்கள் கொடுத்த கடன் பெரும்பாலும் திரும்பி வராமல் நின்றதற்குக் காரணம் தொழிலாளர் அல்ல. நினைவூட்ட யாரும் இல்லாததே.

மருந்துக் கையிருப்புப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே எடுப்பது, பணத்தின் பெரும்பகுதியை விழுங்கும் சில மருந்துகளைக் கிழமைதோறும் எண்ணுவது, ஏனையவற்றை மாதத்துக்கு ஒரு தடவை எண்ணுவது ஆகியவை நல்ல ஒழுங்குகள். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டதிலிருந்து அத்தகைய மருந்துகளில் விலையை ஏற்றி வருமானம் பார்க்க இடமில்லை; விரயத்தைக் குறைப்பதும் கொள்வனவைத் திட்டமிடுவதும்தான் வழி. இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறிக்கும் தாளையும் அவர்களே ஏற்படுத்தித் தந்தார்கள். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் எங்கள் பகுதிக்கு அது மிகவும் தேவையான ஒன்று.

இந்தச் சேவையில் நான் கடுமையாக எதிர்த்த ஒரு பகுதி உண்டு. மாத அறிக்கையில், ஒரு வருகைக்கான சராசரி வருமானம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இலக்கு என்று ஒரு நிரல் இருந்தது. அதற்குக் கீழே, நூறு வருகைகளுக்கு எத்தனை இரத்தப் பரிசோதனைகள் என்பதற்கும் ஓர் இலக்கு இருந்தது. பரிசோதனை தேவையா இல்லையா என்பதை நோய்தான் தீர்மானிக்க வேண்டும். ஓர் எண்ணை இலக்காக வைத்துவிட்டால், வைத்தியர் நேர்மையானவராக இருந்தாலும், இலக்கம் எழுதும் பிள்ளையிலிருந்து மாதிரி எடுப்பவர் வரை அனைவரின் பேச்சும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாயும். வாய்விட்டுக் கேள்வி கேட்கப் பழக்கப்படாத ஒரு தாயிடம், இதையும் செய்துவிடுங்கள் என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். காதுத் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தாவது செய்துவிடுவார். அந்த இரண்டு இலக்குகளையும் நீக்கினால் மட்டுமே ஒப்பந்தத்தைத் தொடர்வோம் என்று எழுதிக் கொடுத்தோம். நீக்கினார்கள். எண்களை இப்போதும் பதிகிறோம். திடீரென்று ஏறினால் ஏன் ஏறியது என்று விசாரிப்பதற்காக மட்டும்.

தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பிலும் விழிப்பாக இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட நாடு இது. ஆரம்பத்தில் நோயாளரின் பெயர், தோட்டம், நோய் எல்லாமே ஒரே கோப்பில் அவர்களுடைய கணினிக்குப் போயின. லயன் காம்பிராக்களில், அதாவது தோட்டக் குடியிருப்பின் அடுத்தடுத்த வரிசை அறைகளில், வாழும் மக்களுக்கு அந்தரங்கம் ஏற்கெனவே அரிதானது. அதையும் நாங்கள் கைவிட்டுவிடக் கூடாது. இப்போது பெயருக்குப் பதிலாக எங்கள் பதிவிலக்கம் மட்டுமே போகிறது. நினைவூட்டல் குறுஞ்செய்திகளிலும் நோயின் பெயர் இடம்பெறுவதில்லை, ஏனெனில் பல வீடுகளில் ஒரே தொலைபேசியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், சில வேளைகளில் அது கொழும்பில் வேலை செய்யும் மகனின் கையில் இருக்கிறது. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துகளே அடங்கும், ஆங்கில எழுத்துகளில் என்றால் 160 அடங்கும் என்பதால், செய்தி நீண்டால் செலவு இரட்டிப்பாகும் என்று சேவையினர் தயங்கினார்கள். எழுபது எழுத்துக்குள் அடங்கும்படி திகதியையும் நேரத்தையும் நிலையத்தின் பெயரையும் மட்டும் வைத்துத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். அறிக்கையைத் தமிழில் பெறுவதுதான் இன்னும் நிறைவேறாத கோரிக்கை. மென்பொருள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊழியர்கள் கெட்டிக்காரர்கள், பழகிக்கொண்டார்கள். ஆனால் மாதாந்தக் கலந்துரையாடலில் தமிழ் தெரிந்த அலுவலர் வரும் மாதங்களில்தான் அவர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள், பயனுள்ள யோசனைகளும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. இந்தக் குறையைச் சேவையினர் சிறியதாக எண்ணுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கட்டண முறை இரண்டு வகைப்படும். மாதத்துக்கு ஒரு நிலையான தொகை கொடுக்கலாம், அல்லது கூடுகின்ற வருமானத்தில் ஒரு சதவீதம் கொடுக்கலாம். இரண்டாவது முறை தொடக்கத்தில் மலிவாகத் தெரியும். ஆனால் உங்கள் வரவு கூடினால்தான் ஆலோசகருக்கு வரவு என்றாகிவிட்டால், மேலே சொன்ன பரிசோதனை இலக்குகள் வேறொரு பெயரில் திரும்பி வரும். நிலையான தொகையையே தெரிவுசெய்யுங்கள். அரச வைத்தியசாலையில் பணி முடித்து மாலையில் இரண்டு மணிநேரம் மட்டும் தனியாக நோயாளரைப் பார்க்கும் ஒரு வைத்தியருக்கு இந்தச் சேவை தேவையில்லை. மூன்று நிரல் துண்டும், நேரம் குறித்த இலக்க அட்டையும், மாதக் கடைசியில் ஒரு மாலைநேரமும் அவருக்குப் போதும். மருந்து வழங்கும் பகுதியும் ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியர்களும் சம்பளம் பெறும் ஊழியர்களும் உள்ள நிலையங்களுக்கு, குறைந்தது ஒரு முழு வருடத்துக்கு இதைப் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒரு மழைக்காலமும் ஒரு யாத்திரைப் பருவமும் கடந்தால்தான் எண்கள் பேசத் தொடங்கும். கைச்சாத்திடுவதற்கு முன்னர், ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் பதிவுகள் அனைத்தும் எக்செல் கோப்பாக உங்களிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் என்றும், அவர்களிடமுள்ள பிரதி அழிக்கப்படும் என்றும் ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது ஆரம்பத்தில் இருக்கவில்லை, கேட்டவுடன் சேர்த்துத் தந்தார்கள்.